மடித்து எடுத்த கண்

டீச்சர் கொடுத்த தாளில் மூன்று கேள்விகள். எட்டு வாரத்தில் நீங்கள் வரைந்த படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன வரைந்தீர்கள், எப்படி வரைந்தீர்கள், மறுபடி வரைந்தால் எதை மாற்றுவீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு கோடு விட்டிருக்கிறார். பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்தவர்கள் அதற்கு மேல் என்ன எழுதிவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். எனக்கு நாலு கோடு போதாது. பின்பக்கமும் எழுதுவேன், அதுவும் தீர்ந்தால் கறி மடிக்கிற தாளில் எழுதி இதோடு குத்தி வைப்பேன்.

நான் எடுத்துக்கொண்டது ஏழாவது வாரப் படம். கூடத்துச் சுவரில் கடைசியாக மாட்டியிருக்கிறதே, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையோடு, அதுதான். படத்தில் இருப்பவன் என் தம்பி. ஓட்டை போட்டதும் அவன்தான்.

நான் சந்தையில் கறி வெட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சாணை' என்பார்கள். யார் வந்து உரசினாலும் பொறி பறக்குமாம். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் தைரியம் கிடையாது, என் கையில் எந்நேரமும் கத்தி இருப்பதால்.

கத்தி அப்பாவுடையது. எங்கள் வீட்டில் கூர்ப்பக்கம் ஆட்டுக்கு, தட்டைப்பக்கம் பிள்ளைகளுக்கு. மூட்டைப் பார்த்து வெட்டாமல் எலும்பை நொறுக்கிவிட்டால் தட்டைப்பக்கம் முதுகில் விழும். சரியாக வெட்டினால் ஒன்றும் விழாது, அதுதான் பாராட்டு. அம்மாவுக்கும் விழுந்தது. எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஏழு. ஒருநாள் காலையில் அம்மா ஒரே ஒரு பையோடு கடைக்குள் புகுந்து வாசல் வழியாக வெளியே போனாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அப்பா கையிலிருந்த தொடையை வெட்டி முடித்து, தராசில் வைத்து, தாளில் மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து பார்த்தார். அதற்குள் தெரு காலியாக இருந்தது.

அதற்கப்புறம் தம்பியை வளர்த்தது நான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அடித்து முடிக்கவே பொழுது சரியாக இருந்தது, அணைக்க நேரம் கிடைக்கவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன், தலை வாரிவிட்ட சீப்பாலேயே விளாசியும் இருக்கிறேன். அவன் அழமாட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும், இன்னும் ரெண்டு போடுவேன். அப்பா செத்தபோது வெட்டுக்கட்டை எனக்கு வந்தது, தராசு தம்பிக்கு வந்தது. அப்பாவின் கையும் எனக்கே வந்து சேர்ந்தது.

தம்பிக்கு இடது கண் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் கறி தொங்கவிடுகிற கொக்கி அறுந்து கண்ணில் பட்டுவிட்டது, பாவம், என்று சந்தை முழுக்கச் சொல்லும். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கொக்கி என்றுதான் இருக்கிறது. சந்தையிலும், கடை மூடிவிட்டுப் போய் ஆஸ்பத்திரியிலும் அப்படிச் சொன்னது நான். பச்சைப் பொய். கத்தி தீட்டுகிற இரும்புக் கம்பியால் நான்தான் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ஒருவர் பொட்டலத்தை அவன் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான், நான் கத்தினேன். "அப்பா மாதிரியே கத்துறக்கா" என்றான், அத்தனை பேர் முன்னால். நான் அடித்தது தொங்கிய ஆடுகளுக்குப் பின்னால், கூட்டத்துக்குத் தெரியவில்லை. தோளைத்தான் குறிவைத்தேன், அவன் திரும்பிவிட்டான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தோளைத்தான் குறிவைத்தேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். ஒரே கடை, மாடியில் ஒரே வீடு, ஆனால் ஆறு வருடமாக என்னிடம் ஒரு சொல் கிடையாது. ஆள் வந்தால் கூரையைப் பார்த்து, "ரெண்டு கிலோ, சின்னத் துண்டா" என்பான். நான் வெட்டித் தள்ளுவேன். தினமும் கடை திறந்ததும் அவன் செய்கிற முதல் வேலை, தராசுக்கும் என் கட்டைக்கும் நடுவிலிருக்கிற கொக்கியில் ஓர் உரித்த ஆட்டைத் தொங்கவிடுவது. அதை மாட்டிவிட்டால் என் இடத்திலிருந்து பார்க்கையில் அவன் முகத்தின் வலது பாதி மட்டும் தெரியும், இடது பாதி ஆட்டுக்குப் பின்னால் போய்விடும். அதை வெட்ட நான் இறக்கினால், மறு நிமிடம் வேறொன்றைக் கொண்டுவந்து அதே கொக்கியில் மாட்டுவான். மாடி வீட்டிலும் எனக்கு வலப்பக்கத்தையே காட்டி நடப்பான்.

வகுப்புக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. மூன்று மாதம் முன்பு ஒருத்தர் கறியை விரலால் குத்திக் குத்திப் பார்த்து, "நேத்து ஆடா?" என்றார். என் கையில் அதே ஆட்டின் தொடை இருந்தது. அதாலேயே ஒன்று வைத்தேன். மூக்கு உடைந்துவிட்டது. ரத்தம் அவருடையதா ஆட்டுடையதா என்று தெரியாமல் அவரே குழம்பிப்போனார். சந்தைச் சங்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்தா கடைக்குப் பூட்டுதான். பின்னாடி பொதுக்கூடத்துல ஏதோ வகுப்பெல்லாம் நடக்குதே, ஒண்ணுல போய்ச் சேரும்மா. மனசை அடக்கக் கத்துக்க. வாராவாரம் கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார். யோகாவில் இடமில்லை. பாட்டு வகுப்பில் என் குரலைக் கேட்ட பிறகு இடமில்லை. படம் வரைகிற வகுப்பில்தான் பாவம் ஆள் குறைவாக இருந்தது.

செயலாளர் அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "உன் தம்பி வெளியூர்ல குளிர்பதனக் கிடங்குல வேலை தேடிக்கிட்டான். வகுப்பு முடியற வாரம் கிளம்பறான். உனக்குத் தெரியும்ல?" எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்வார்கள்? அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். போவதற்குள் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி, என் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும்.

முதல் வகுப்பில், என்னோடு வரைய வந்திருந்த தையல்காரர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து அவரை வரையச் சொன்னார் டீச்சர். கரித்துண்டைப் பிடித்ததுமே என் கையில் நொறுங்கியது. நாலு துண்டு போனது. எப்படியோ ஒரு மனிதனைப் போட்டு முடித்தேன். டீச்சர் வந்து பார்த்து, "தோள்ல, முழங்கால்ல, கழுத்துல எல்லாம் எதுக்குக் குறுக்குக்கோடு?" என்று கேட்டார்.

"கத்தி அங்கதான் டீச்சர் இறங்கும்."

தையல்காரர் எழுந்து நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். எட்டு வாரமும் அதே தூரத்தில்தான் உட்கார்ந்தார்.

டீச்சர் என்னைவிடச் சின்னவர், குரல் உயர்த்தமாட்டார், ஆனால் விடவும்மாட்டார். அவர் ஓயாமல் சொன்னது இதுதான்: "தெரிஞ்சதை வரையாதீங்க, கண்ணுக்குப் படறதை வரைங்க. ஏதாவது மறைச்சா ஊகிச்சுப் போடாதீங்க. எழுந்து போய்ப் பாருங்க." மூன்றாவது வாரம் ஜாடி வரைகையில் ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்தார். ஜாடியின் ஒரு பாதியை மட்டும் கரியால் அழுத்தி வரைந்து, தாளை நடுவில் மடித்து, முதுகுப்பக்கம் கரண்டியால் தேய்த்தால் மறுபாதி தானாக ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முழு ஜாடி. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கறி மடிக்கிற தாளையெல்லாம் மடித்து மடித்து ஜாடி எடுத்தேன்.

ஏழாவது வாரம், கூட இருக்கிற ஒருவருடைய முகத்தை வரைந்துகொண்டு வரச் சொன்னார். எனக்குக் கூட இருக்கிறவன் ஒருவன்தான்.

மத்தியானம் ரெண்டிலிருந்து மூன்று வரை கடையில் ஈ காக்கை வராது. தம்பி தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து பை கட்டுகிற நூலைத் துண்டு துண்டாக அறுத்து வைப்பான். நான் கட்டையைக் கழுவி அதன்மேல் அட்டையை வைத்து வரைய ஆரம்பித்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. நூலை அறுத்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி அறுக்க ஆரம்பித்தான். எழுந்து போகவில்லை. ஆறு வருடத்தில் எனக்கு அவன் காட்டிய முதல் இரக்கம் அது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன்.

தாடை காதுக்குக் கீழே எங்கே கழலும் என்று எனக்குத் தெரியும், அதனால் தாடை நன்றாக வந்தது. கன்னத்து எலும்பும் வந்தது. வலது கண்ணில் அம்மாவின் கண் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். நெற்றி நடுவில், மூக்கு நடுவில், உதட்டு நடுவில் கோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் தொங்குகிற ஆடு. விலா எலும்புகள்தான் தெரிந்தன.

எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னது நினைவில் இருந்தது. அஞ்சடி தூரம். என்னால் முடியவில்லை. யார் மூக்கையும் உடைக்கிற எனக்கு அந்த அஞ்சடி நடக்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போய்த் தாளை அந்த நடுக்கோட்டில் மடித்தேன். கத்திப் பிடியால் அழுத்தித் தேய்த்தேன். பிரித்தேன். ரெண்டு கண்ணோடு என் தம்பி என்னைப் பார்த்தான். உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல் வாய்விட்டு அழுதேன். நான் பிடுங்கியதை நானே திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன். இதை அவன் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று உறுதியாக நம்பினேன். முட்டாள்.

டீச்சர் படத்தைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் அச்சு அசலா இருக்கே, யாரு முகமும் இப்படி இருக்காதே" என்றார். "என் தம்பி முகம் அப்படித்தான் டீச்சர்" என்று சாதித்தேன். டீச்சர் அவனைப் பார்த்ததில்லை.

படங்களைக் கூடத்தில் மாட்டியது போன சந்தை விடுமுறை அன்று, காலை பத்து மணிக்கு. சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். செயலாளர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்கு மத்தியானம் பஸ். தோளில் ஒரு பை. ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தான். தையல்காரர் வரைந்த பூட்ஸைப் பார்த்துச் சிரித்தான்கூட. பிறகு தன் படத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

நான் பக்கத்தில் போய் நின்றேன், அவனுடைய வலப்பக்கமாக. பையைக் கீழே வைத்தான். மேஜையில் இருந்த கரித்துண்டுகளில் தடியான ஒன்றை எடுத்தான். எடுத்து, படத்தில் அந்த இரண்டாவது கண்ணின்மேல் ஓங்கிக் குத்தினான். துண்டு நொறுங்கியது. முஷ்டியோடு சேர்த்து மறுபடி குத்தினான். மறுபடியும். தாள் கிழிந்து பின்னாலிருந்த அட்டை பிளந்தது, அவன் விரல்முட்டிகள் கிழிந்து ரத்தம் வந்தது. படம் கீழே விழுந்தது. எங்கள் வகுப்புக்கு வருகிற கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் அலறிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். தடுக்க வந்த தையல்காரரை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினான், அவர் நாற்காலியோடு போய் விழுந்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து என்னைச் சுவரோடு மோதினான். தலை இடித்த இடத்தில் மேலே இருந்த படம் ஒன்று கழன்று என் தோளில் விழுந்தது.

"இது யாரு?" என்றான்.

ஆறு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

"நீதான்டா" என்றேன்.

"எனக்கு எத்தனை கண்ணு?"

"டேய், எல்லாரும் பாக்கறாங்க..."

"எத்தனை கண்ணுன்னு கேட்டேன்!" மறுபடி சுவரில் மோதினான்.

என் கை தானாக மேலே போனது. விரல்கள் மடங்கிவிட்டன. அவனைவிட எனக்குப் பலம் அதிகம், ஒரே குத்தில் அவனை விழ வைத்திருப்பேன். அவன் அந்தக் கையைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான், ஏழு வயதில் கடித்த மாதிரியே. என் மணிக்கட்டை நானே இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினேன். அதைப்போலக் கனமான எதையும் நான் தூக்கியதும் இல்லை, இறக்கியதும் இல்லை.

"ஒண்ணு" என்றேன்.

"இன்னொண்ணு எப்படிப் போச்சு?"

ஆறு வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது. "கொக்கி..." என்று ஆரம்பித்தேன். பளார் என்று ஓர் அறை விட்டான். பல் உதட்டைக் கிழித்தது, வாய்க்குள் உப்புக் கரித்தது.

"நான் அடிச்சேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "தீட்டற கம்பியால நான்தான் அடிச்சேன். கொக்கி இல்ல."

செயலாளர் "என்னம்மா சொல்ற?" என்றது காதில் விழுந்தது. தம்பி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்னடா?"

"நான் கண்ணைப் பொத்திக்கிட்டு நின்னேன். விரல் நடுவுல ரத்தம் ஊத்திச்சு. அப்ப நீ என்ன பண்ணே?"

எனக்கு நினைவிருந்தது. ஒருநாளும் மறந்ததில்லை. அவனுக்கும் நினைவிருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

"போய்க் கழுவிட்டு வான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"வரிசையில அடுத்து நின்னவங்களுக்குக் கறி வெட்டினேன்."

"எவ்வளவு?"

"ஒன்றரைக் கிலோ. எலும்பு இல்லாம."

"நான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றான். "நின்னுக்கிட்டே போனேன். என்னைப் பார்த்துட்டு யாரும் பக்கத்துல உட்கார விடல. நீ எலும்பு எடுத்துக்கிட்டு இருந்தே."

அப்போது அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நடுவில் ஆடு இல்லை. அடிபட்ட பிறகு அவன் இடது கண்ணை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். இமை உள்வாங்கி ஒட்டிக்கிடந்தது. மேலே புருவம் இரண்டாகப் பிரிந்து நடுவில் நூல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு. இமைமயிர் நாலைந்து உள்பக்கமாக வளைந்திருந்தது. ஓரத்தில் ஈரம் கசிந்தது. அழுதானா, இல்லை அந்தக் கண் எப்போதுமே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

சட்டையை விட்டான். கையை உதறிக்கொண்டான். தையல்காரரைத் தூக்கி நிறுத்தி, "மன்னிச்சிருங்கண்ணே" என்றான். கீழே கிடந்த படத்தை எடுத்து, தூசி தட்டி, பழைய ஆணியிலேயே மாட்டினான். டீச்சரிடம், "இதை ஒட்டிடாதீங்க. இப்பதான் என்னை மாதிரி இருக்கு" என்றான். அவனுடைய விரல் ரத்தம் தாளின் ஓரத்தில் பட்டிருக்கிறது, பார்த்தால் தெரியும்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல் வரை போய் நின்றான்.

"போறேன்" என்றான். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. ஆனாலும் கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். அம்மா அதையும் சொல்லாமல்தான் போனாள்.

செயலாளர் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று என்னிடமே கேட்டார். அதை அவனிடம் கேளுங்கள், கண் அவனுடையது என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டை மாற்றி எழுத ஒரு மனு எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். சந்தையில் இப்போது முகத்துக்கு நேராகவே சாணை என்கிறார்கள், அதைவிட மோசமாகவும் சொல்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. கை மட்டும் அப்போதைக்கப்போது மேலே போகிறது, பிடித்து இறக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. மறுபடி வரைந்தால் எதை மாற்றுவீர்கள்? தாளை மடிக்கமாட்டேன். கொக்கியில் இருக்கிற ஆட்டை இறக்கிவிட்டு, அந்த அஞ்சடியும் நடந்து, அவனுடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்து வரைவேன், அவன் விட்டால். இன்று காலை கடையைத் திறந்ததும் அந்தக் கொக்கியில் எதையும் மாட்டவில்லை. என் கட்டையிலிருந்து பார்த்தால் தராசு முழுசாகத் தெரிகிறது, அவன் அறுத்து வைத்த நூல் துண்டுகளும் தெரிகின்றன, பின்னால் அவன் உட்காருகிற பலகை காலியாக இருக்கிறது.